காய முதல் காட்டுங்கோ

போன வருசம் ஒரு நாள் இரவு பதினொரு மணி இருக்கும். நண்பி ஒருத்தியிடமிருந்து வட்ஸ்அப்பில் மெசேஜ். "எடி, ஒண்டு கேக்கட்டே? ஒருத்தருக்கும் சொல்லாத." பிறகு பத்து நிமிசமாக 'டைப்பிங்' என்று காட்டிக்கொண்டே இருந்தது. எழுதுகிறாள், அழிக்கிறாள், திரும்ப எழுதுகிறாள். கடைசியில் வந்தது இவ்வளவுதான்: "சலம் போகேக்க உயிர் போகுது. கீழ சின்னச் சின்னப் புண் கிடக்கு."

மூன்று நாளாகக் காய்ச்சல். உடம்பெல்லாம் உளைவு. கவட்டுக்குள் நெறி கட்டியிருக்கிறது. சலம் போகும்போது எரிவு தாங்காமல் கோப்பையால் தண்ணியை ஊற்றி ஊற்றித்தான் போகிறாள். வீட்டில் காய்ச்சல் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அம்மா கொத்தமல்லி அவித்துக் கொடுத்திருக்கிறா.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுது, ஆனா என்னைப் பாவம் பிடிச்சவளா எழுதாத" என்றாள். சரி. அவள் பாவம் இல்லை. அவளுக்கு அடுத்த மூன்று கிழமை நடந்ததுதான் பாவம். ஏனென்றால் அது அவளுக்கு மட்டும் நடக்கிற விசயம் இல்லை.

முதலில் பாமசி. அங்கே நின்ற பொடியனிடம் "புண்" என்று சொல்ல வாய் வரவில்லை. "கடி" என்றாள். அவன் நிமிர்ந்தும் பார்க்காமல் ஒரு கிறீம் எடுத்துக் கொடுத்தான். பங்கசுக்கும் பக்டீரியாவுக்கும் மருந்து, கூடவே ஸ்டீரொயிட், எல்லாம் ஒரே ரியூப்பில். பூச எரிவு கூடினது.

இரண்டாவது, ஒரு தனியார் டிஸ்பென்சரி. டொக்டரின் முதல் கேள்வி: "பிள்ளை, கலியாணம் கட்டீட்டீங்களோ?" இல்லை என்றாள். அதோடு அவரின் முகம் மாறிவிட்டது. கட்டிலில் ஏறிப் படுங்கோ, பாப்பம் என்று அவர் சொல்லவில்லை. ஒரு அன்டிபயோட்டிக் எழுதினார். "இனியாவது ஒழுங்கா இருங்கோ" என்றும் சொன்னார். புத்திமதிக்கும் சேர்த்துத்தான் காசு எடுத்தார்.

மூன்றாவது, ஒரு தனியார் ஆய்வுகூடம். பாலியல் நோய்களுக்கான 'பக்கேஜ்' என்று ஆயிரக்கணக்கில் கட்டி இரத்தம் கொடுத்தாள். றிப்போட் போனுக்கு வந்தது. 'ஹேர்பீஸ் ஐ.ஜி.எம் பொசிட்டிவ்.' அதை விளங்கப்படுத்த அங்கே ஒருத்தரும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று வாசித்தாள். அன்றிரவே காதலனுக்கு அடித்து, "ஆரோட போனனீ?" என்று கேட்டாள். இரண்டு வருசக் காதல் அந்த ஒரு போன் கோலோடு முடிந்தது.

இவ்வளவுக்கும் பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரியின் பாலியல் நோய்க் கிளினிக்குக்குப் போனாள். அங்கேதான் முதல் தடவையாக ஒரு டொக்டர் கையுறை போட்டு, லைட் பிடித்து, அவளைப் பார்த்தா. ஆனால் பார்க்க ஒன்றும் இல்லை. புண் காய்ந்து பொருக்கும் உதிர்ந்துவிட்டது. "தங்கச்சி, இப்ப எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லை. திரும்ப வந்தால் காய முதல் வாங்கோ."

நான் சொல்ல வந்ததும் இந்த ஒரு வசனம்தான்.

வெட்கம் டொக்டர் இல்லை

எங்கள் ஊர்களில் புண் எதனால் வந்தது என்று பார்க்க முதல், அது வந்தவர் எப்படிப்பட்டவர் என்று தீர்மானித்துவிடுகிறோம். பாமசியில் கூச்சம் தீர்மானிக்கிறது, டிஸ்பென்சரியில் ஒழுக்கம், ஆய்வுகூடத்தில் காசு. இந்த மூன்றுக்கும் நடுவில் புண்ணை ஒருத்தரும் பார்க்கவில்லை. பிறப்புறுப்பில் வருகிற புண்ணைப் பொறுத்தவரை நாள் என்பது மருத்துவச் சாட்சி. நாள் போகப் போகச் சாட்சி அழிகிறது. சாட்சி அழிந்த பிறகு மிஞ்சுவது சந்தேகம் மட்டும்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் வரும்: "ஒழுங்கா இருக்கிற ஆக்களுக்கு உது வராது." இந்த வாதத்தைக் கணக்கோடு எதிர்கொள்வோம். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் 15 முதல் 49 வயது வரையானவர்களில் 84 கோடி 60 இலட்சம் பேருக்குப் பிறப்புறுப்பு ஹேர்பீஸ் தொற்று இருந்தது. ஐந்து பேருக்கு ஒருவருக்கு மேல். இதில் அந்த வருடம் ஒரு தடவையாவது அறிகுறி வந்தவர்கள் ஏறக்குறைய 20 கோடி பேர் மட்டுமே. மிச்சப் பேரில் மிகப் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஐந்தில் ஒரு பங்கு மனிதரை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று சொல்கிற ஒழுக்கம் எங்களுக்கு எதற்கு?

இன்னுமொன்று. ஹேர்பீஸ் வைரசில் இரண்டு வகை உண்டு. எச்.எஸ்.வி 1 பெரும்பாலும் உதட்டோரம் வருகிறது. காய்ச்சல் வந்து போன பிறகு வாயோரத்தில் கொப்புளம் போடுமே, அதுதான். 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இந்த வகை இருக்கிறது. பலருக்குச் சின்ன வயதிலேயே, வீட்டுப் பெரியாக்கள் கொஞ்சுவதிலிருந்து தொற்றிவிடுகிறது. எச்.எஸ்.வி 2 பெரும்பாலும் உடலுறவால் தொற்றிப் பிறப்புறுப்பில் வருகிறது. ஆனால் முதலாம் வகையும் வாய்வழி உறவால் கீழே போகும். அப்படிப் போய் இருப்பவர்கள் மட்டும் 37 கோடிக்கு மேல். அதே வைரஸ் உதட்டில் வந்தால் "ராத்திரி நித்திரை காணாது போல" என்கிறோம். ஒரு முழம் கீழே வந்தால் "கெட்ட நோய்" என்கிறோம். வைரசுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

எப்படி இருக்கும்?

பொதுவாகத் தொற்றி 2 முதல் 12 நாளுக்குள் முதல் தடவை வரும். சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்துத்தான் முதல் தடவையாகக் கண்ணில் படும். முதலில் ஓரிடத்தில் கூசும், எரியும், கடிக்கும். பிறகு சிவந்த தோலில் கூட்டமாகச் சின்னக் கொப்புளங்கள். அவை கெதியாக உடைந்து நோகிற புண்ணாகும். ஈரமான இடத்தில் கொப்புளம் கண்ணில் படாமலே போகலாம், புண் மட்டும்தான் தெரியும். யோனி, ஆண்குறி, விதைப்பை, குதம், தொடை, பிட்டம் எங்கேயும் வரலாம். முதல் தடவை என்றால் காய்ச்சல், உளைவு, நெறிக்கட்டு, சல எரிவு எல்லாம் சேர்ந்து வரலாம். மருந்தில்லாமல் விட்டால் இரண்டு முதல் நான்கு கிழமை இழுக்கும். திரும்ப வருகிறபோது இவ்வளவு கடுமை இருக்காது, நாளும் குறைவு.

இது பாடப்புத்தகப் படம். பலருக்கு இப்படி வராது. ஒரு சின்ன வெடிப்பு, சவரம் செய்த இடத்தில் ஒரு கீறல் மாதிரி, மாதவிடாய் நேரம் வந்து போகிற ஒரு எரிவு. "பாட் ஒத்துக்கொள்ளேல்லை" என்று நினைத்து விட்டுவிடுவார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து போகிறதென்றால் அது கவனிக்க வேண்டிய அடையாளம்.

மற்றப் பக்கமும் உண்டு. கீழே வருகிறதெல்லாம் ஹேர்பீஸ் இல்லை. ஆண்குறியின் விளிம்பைச் சுற்றி முத்து முத்தாக வரிசையாக இருப்பவை பல ஆண்களுக்கு இயல்பாகவே இருப்பவை. தோலுக்குள் வெள்ளைப் புள்ளிகள் மாதிரித் தெரிவது எண்ணெய்ச் சுரப்பிகள். சவரம் செய்த பிறகு மயிர் உள்ளுக்குள் வளர்ந்து சீழ் வைக்கும். பங்கஸ் வந்தால் கடி, வெள்ளை படுதல். சொறிச் சிரங்கு இரவில் கடிக்கும், வீட்டில் எல்லாருக்கும் வரும். சில குளிசைகள் ஒத்துக்கொள்ளாமலும் அதே இடத்தில் புண் வரும். உறவே வைத்திராத இளம் பெண்களுக்குக்கூட வேறொரு தொற்றுக்குப் பிறகு திடீரென்று கடுமையான புண் வருவதுண்டு. எத்தனை பொடியங்கள் இரவிரவாகக் கூகிளில் படம் பார்த்துப் பயந்து செத்திருப்பார்கள்? கூகிளில் வருகிற படங்கள் கிடக்கிறதுக்குள்ளேயே மோசமானவை. அதை வைத்து ஒப்பிட்டால் இருக்கிறவன் இல்லை என்பான், இல்லாதவன் இருக்கிறது என்பான்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது நோகாத புண்ணுக்கு. சிபிலிஸ் புண் பெரும்பாலும் ஒன்றுதான் வரும், நோகாது, சில கிழமையில் தானாகவே மாறும். "சுகமாப் போச்சு" என்று நினைப்போம். கிருமி உள்ளே இருக்கும், பிறகு வருடக்கணக்கில் உடம்பைத் தின்னும். பெனிசிலின் ஊசியால் சுகப்படுத்தக்கூடிய நோய் அது. டொக்டர் பார்க்காமல் "ஹேர்பீஸாத்தான் இருக்கும், அதுக்கு மருந்தில்லையாம்" என்று வீட்டில் இருப்பவர், சுகப்படுத்தக்கூடிய நோயோடு இருந்துகொண்டிருக்கலாம்.

எது பரிசோதனை, எது பேய்க்காட்டல்

புண் ஈரமாக இருக்கும்போது அதிலிருந்து ஒரு குச்சியால் மாதிரி எடுப்பதுதான் நம்பத்தக்க பரிசோதனை. பயப்பட ஒன்றுமில்லை. கொரோனாக் காலத்தில் மூக்குக்குள் விட்டார்களே, அதே பி.சி.ஆர். முறைதான். வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்று இரண்டையும் சொல்லும். வகை தெரிவது முக்கியம். பிறப்புறுப்பில் வருகிற முதலாம் வகை, இரண்டாம் வகையைவிட மிகக் குறைவாகவே திரும்ப வரும். கொப்புளம் வந்த முதல் ஓரிரு நாள்தான் மாதிரி எடுக்க மிக நல்ல நேரம். காயக் காய வைரஸ் அகப்படாது. காய்ந்த புண்ணில் எடுத்து 'நெகட்டிவ்' வந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை.

எல்லாக் கிளினிக்கிலும் ஒரே வசதி இல்லை. சில இடத்தில் அனுபவமுள்ள டொக்டர் பார்த்தே மருந்து தொடங்குவார். அதிலும் பிழையில்லை. பார்த்துச் சொல்வது வேறு, பாராமல் சொல்வது வேறு.

இப்போது அந்த 'பக்கேஜ்' கதைக்கு வருவோம். ஹேர்பீசுக்கு ஐ.ஜி.எம் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்யவே வேண்டாம் என்பதுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டியும் சொல்வது. அது வகையைப் பிரித்துக் காட்டாது, புதுத் தொற்றா பழைய தொற்றா என்றும் சொல்லாது. ஐ.ஜி.ஜி என்பது கொஞ்சம் பயனுள்ளது. ஆனால் தொற்றி 12 கிழமை வரை அது நெகட்டிவாகக் காட்டலாம். இரண்டாம் வகைக்கு எண் குறைவான பொசிட்டிவ் வந்தால் பிழையாக இருக்கக்கூடிய வாய்ப்பு அதிகம், இன்னொரு முறையால் உறுதிப்படுத்த வேண்டும். முதலாம் வகைக்குப் பொசிட்டிவ் வந்தால்? அது மூன்றில் இரண்டு பேருக்கு வரும். வாயிலா கீழேயா என்று அந்தக் கடதாசி சொல்லாது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த இரத்தப் பரிசோதனையைச் செய்யவேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் செயற்குழு 2016இல் சொல்லி 2023இல் திரும்பவும் சொன்னது.

அப்படியிருக்க, விளக்கம் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் 22 வயதுப் பிள்ளைக்கு அந்தக் கடதாசியை விற்பதற்கு என்ன பெயர்? நான் சொல்கிறேன்: பேய்க்காட்டல்.

"ஆரிட்ட இருந்து வந்தது?", "எப்ப வந்தது?" என்ற இரண்டு கேள்விக்கும் எந்த இரத்தப் பரிசோதனையும் பதில் சொல்லாது. வைரஸ் நரம்புக் கணுவில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். புண் இல்லாத நாளிலும் தொற்றும். தனக்கு இருப்பது தெரியாதவரிடமிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. ஆகவே இன்று வந்த புண்ணை வைத்து நேற்றைய துரோகத்தைக் கண்டுபிடிக்க முடியாது. இதைத் தெரியாமல் எத்தனை காதல், எத்தனை கலியாணம் உடைந்திருக்கும்?

"மாத்தேலாது எண்டால் ஏன் போக?"

மாற்ற முடியாதுதான். ஆனால் அசைக்ளோவிர் குளிசை 40 வருடத்துக்கு மேலாகப் பாவனையில் இருக்கிறது. புண் வந்த முதல் நாட்களிலேயே தொடங்கினால் நோவும் நாளும் குறையும். அடிக்கடி வருபவர்கள் தினமும் குளிசை எடுத்து வருவதைக் குறைக்கலாம், துணைக்குத் தொற்றுகிற வாய்ப்பையும் குறைக்கலாம். கிறீம் பூசுவதால் பெரிய பிரயோசனம் இல்லை. ஆணுறை முழுதாகத் தடுக்காது, ஆனால் குறைக்கும். இரண்டாம் வகை இருப்பவருக்கு எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே எச்.ஐ.வி, சிபிலிஸ் பரிசோதனையும் சேர்த்தே செய்ய வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதல் தடவையாகத் தொற்றினால் பிள்ளைக்கு ஆபத்து. இவையெல்லாம் போனால்தான் தெரியவரும்.

அடுத்த பயம்: "ஆராவது கண்டால்?" இந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. எங்கள் ஊர் சின்னன். ஓ.பி.டியில் துண்டு எழுதுகிறவ மாமியின் சிநேகிதியாக இருப்பா. கலியாணம் கட்டாத பெண்ணுக்குப் பயம் ஒரு மடங்கென்றால், தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவின் நிழலில் வளர்ந்த ஒருபாலுறவாளர்களுக்கு இரண்டு மடங்கு. ஆனால் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்குகள் மாவட்டங்கள் தோறும் இருக்கின்றன. இலவசம். வேறு டொக்டரின் கடிதம் தேவையில்லை. உங்கள் மாவட்டத்தில்தான் போகவேண்டும் என்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில் கூச்சமென்றால் வவுனியாவுக்குப் போகலாம், மட்டக்களப்பில் கூச்சமென்றால் திருகோணமலைக்கு. என் நண்பியை அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, இலக்கம்தான். கலியாணம் கட்டினீங்களா என்றும் ஒருத்தரும் கேட்கவில்லை.

"எங்கட குடும்பத்தில அங்க போன ஆக்கள் இல்லை" என்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 2019இல் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார ஸ்தாபனம் அங்கீகரித்தது. எப்படி? கர்ப்பிணிகள் எல்லாரையும், நல்லவர் கெட்டவர் பார்க்காமல், பரிசோதித்ததால். இன்று பேரப்பிள்ளை பார்த்திருக்கிற அம்மம்மாவின் மகளும் மருமகளும் பாலியல் நோய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தவர்கள்தான். குடும்பமானம் ஒன்றும் போகவில்லை. பிள்ளைகள் சுகமாகப் பிறந்தன.

ஆகவே கேட்க வேண்டியவர்களிடம் கேட்போம். பாமசிக்காரரே, "கீழ புண்" என்று ஒருவர் வந்தால் ரியூப்பை நீட்டாதீர்கள், கிளினிக்குக்குப் போகச் சொல்லுங்கள். டொக்டர்மாரே, புத்திமதி கேட்டு ஒருத்தரும் வருவதில்லை, பார்க்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்புங்கள். சுகாதாரப் பாட ஆசிரியர்மாரே, "இந்தப் பாடத்தை நீங்களே வாசிச்சுக் கொள்ளுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். நீங்கள் புரட்டின அந்தப் பக்கத்தைத்தான் நாங்கள் பிறகு கூகிளில் தேடுகிறோம்.

நாங்களும் சில சொற்களை வாயால் சொல்லிப் பழகவேண்டும். "கீழ" என்பது உடம்பில் ஒரு உறுப்பு இல்லை. "கடி" என்றால் கடிக்கு மருந்து தருவார்கள். "எனக்கு யோனியில புண் வந்திருக்கு, மூண்டு நாள், நோகுது" என்று சொன்னால்தான் சரியான கேள்வி திரும்பி வரும். நீங்களும் கேளுங்கள்: புண்ணில இருந்து மாதிரி எடுப்பீங்களா? எந்த வகை எண்டு தெரியவருமா? சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்கும் பாக்கிறீங்களா? திரும்ப வந்தால் நான் என்ன செய்யவேணும்?

நான்கு மாதம் கழித்து என் நண்பிக்கு அந்தக் கூச்சம் திரும்ப வந்தது. வெள்ளிக்கிழமை காலை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே கிளினிக்குக்குப் போனாள். மாதிரி எடுத்து அனுப்பினார்கள். எச்.எஸ்.வி 1. அந்தக் காதலன் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளம் போடுகிறவன், சின்ன வயதிலிருந்தே. அவன் ஒருத்தரோடும் போயிருக்கத் தேவையில்லை. அவளும் பிழை விடவில்லை. அவனுக்கு அவள் இதைச் சொன்னாள். அவர்கள் திரும்பச் சேரவில்லை, சில விசயங்கள் காய்ந்தால் காய்ந்ததுதான். அவள் இப்போது நல்லாக இருக்கிறாள், கைப்பையில் ஒரு அட்டை குளிசை வைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இதை வாசிக்கிற யாருக்காவது இன்றைக்குக் கீழே எரிகிறதென்றால் நாளைக்குக் காலையில் போங்கோ. வெட்கப்படுவதென்றால் பிறகு ஆறுதலாகப் படுங்கோ. முதலில் காட்டுங்கோ.